அடிபட்டவர் வயிற்றில் ரத்தம் இருக்கிறதா? ஒரு கேள்வியின் கதை

இன்றைய ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது ஓர் அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் செவிலியராக இருக்கிறாள். பொங்கலுக்கு என்னைப் பார்க்க வந்தவள், போனில் யாரிடமோ, "ஃபாஸ்ட் பார்த்தாச்சா? பாசிட்டிவா? அப்ப தியேட்டருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும், "அது என்னம்மா ஃபாஸ்ட்?" என்று கேட்டேன். "ஸ்கேன்தான் டீச்சர். அடிபட்டு வர்றவங்களுக்கு வயித்துக்குள்ள ரத்தம் இருக்கா இல்லையான்னு மட்டும் பார்க்கிறது. மூணு நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றாள்.

அந்த "மட்டும்" என்னைப் பிடித்துக்கொண்டது. ஸ்கேன் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் பார்ப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதற்கு எதற்கு ஒரு ஸ்கேன்? அன்றிலிருந்து ஒரு மாதம் இதைத் தேடித் தேடிப் படித்தேன். நான் மருத்துவர் இல்லை, பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்தவள். அந்த அளவில் எனக்குப் புரிந்த வரலாறு இது.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடுவோம். வண்டியிலிருந்து விழுந்தவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லி, சோடா வாங்கிக் குடித்து, வீடு வந்து சேர்ந்து, ராத்திரி மயங்கி விழுந்து இறந்துபோன கதை நம் ஊர்ப்பக்கம் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். "நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தான்" என்று அந்த வீட்டில் சொல்லிச் சொல்லி அழுவார்கள். அவன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது உண்மைதான். வளர்ந்த ஒரு மனிதருக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். இடது விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் மண்ணீரலோ, வலது பக்கத்துக் கல்லீரலோ கிழிந்து உள்ளே ரத்தம் கசியத் தொடங்கினால், இளம் உடம்பு முதலில் அதைச் சமாளிக்கிறது. ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்கின்றன, இதயம் வேகமாக அடிக்கிறது. மொத்த ரத்தத்தில் 30 விழுக்காடு, அதாவது ஒன்றரை லிட்டர் போகும்வரைகூட ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருக்கலாம். அதன்பிறகு சட்டென்று சரிந்துவிடும். அத்தனை ரத்தத்தையும் வயிறு சத்தமில்லாமல் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்களிடம் நெடுங்காலம் கைதான் இருந்தது. வயிற்றை அழுத்தி, கல் மாதிரி இறுகியிருக்கிறதா, வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். மயங்கிக் கிடப்பவரிடம் வலிக்கிறதா என்று கேட்க முடியாது. குடித்துவிட்டு விழுந்தவரின் பதிலை நம்ப முடியாது. பிறகு ஊசியைக் குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். ஊசி போன இடத்தில் ரத்தம் இல்லையென்றால் பக்கத்திலும் இல்லை என்று சொல்ல முடியுமா?

1965இல் அமெரிக்காவில் டேவிட் ரூட் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் வயிற்றைக் கழுவிப் பார்க்கும் முறையை எழுதினார்கள். தொப்புளுக்குக் கீழே சிறிதாகக் கீறி, ஒரு குழாயை உள்ளே செலுத்தி, ஒரு லிட்டர் உப்புநீரை விடுவது. பிறகு அந்தப் பையைத் தரையில் இறக்கி வைத்தால் உள்ளே போன நீர் திரும்பி வரும். வந்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரு கன மில்லிமீட்டரில் ஒரு லட்சம் சிவப்பணுக்களுக்கு மேல் இருந்தால் வயிற்றைத் திற என்பது விதியாயிற்று. ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லாதபோது மருத்துவர்கள் ஒரு சுருக்கு வழி வைத்திருந்தார்கள். நீர் வரும் குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடிப்பது. எழுத்தைப் படிக்க முடிந்தால் பரவாயில்லை, படிக்க முடியாவிட்டால் அறுவை அரங்கு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. இருப்பதை வைத்துப் பாடம் நடத்திப் பழகியவர்களுக்கு இது புரியும்.

அந்த முறை கால் நூற்றாண்டுக்கும் மேல் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அது மிகையாக எச்சரித்தது. இரண்டு மூன்று கரண்டி ரத்தம் இருந்தாலும் நீர் சிவந்துவிடும். திறந்து பார்த்தால் கசிவு தானாகவே நின்றிருக்கும். வீணாக ஒரு பெரிய அறுவை. 1970களில் சி.டி. ஸ்கேன் வந்தது. அது நன்றாகவே காட்டும். ஆனால் அந்த அறைக்கு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், மேசைக்கு மாற்ற வேண்டும். உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை, மருத்துவரின் கைக்கெட்டாத இன்னொரு அறைக்கு அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி எதிரொலிக்கு வருவோம். எட்டாம் வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது கிணற்றுக்குள் கத்திப் பார்க்கச் சொல்வேன். (ஒரு வருடம் ஒரு பையன் வீட்டுக்குப் போய் அப்படிக் கத்தியதில் தெருவே கிணற்றடியில் கூடிவிட்டது. அது வேறு கதை.) மனிதக் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள்தான் எல்லை. வயிற்று ஸ்கேனில் பயன்படும் மீயொலி நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880இல் கியூரி சகோதரர்கள், அதாவது மேரி கியூரியின் கணவர் பியரும் அவர் அண்ணன் ஜாக்கும் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அந்தப் படிகம் அதிரும் என்பது அதன் மறுபக்கம். முதல் உலகப் போரின்போது பிரான்சில் பால் லாஞ்சவான் அந்தப் படிகத்தை வைத்துத் தண்ணீருக்கடியில் ஒலியனுப்பி நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடினார். பின்னாளில் அதே எதிரொலியைக் கொண்டு தொழிற்சாலைகளில் இரும்புத் தகடுகளுக்குள் விரிசல் தேடும் கருவியைச் செய்தார்கள்.

அந்த விரிசல் தேடும் கருவியிடம் ஒரு மருத்துவர் போனதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர். போரில் விமானப்படையில் இருந்தவர். 1955 ஜூலையில், அறுவை செய்து எடுத்த கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் இரண்டு கார்களின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் கொதிகலன் செய்யும் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்களாம். கெட்டியான கட்டி ஒரு விதமாகவும் நீர் நிறைந்த கட்டி இன்னொரு விதமாகவும் எதிரொலி கொடுத்தது. நீர் இருக்கும் இடத்தில் எதிரொலி இல்லை, வெறுமைதான். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் கதை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் அவருடன் சேர்ந்தார். வயிறு வீங்கி, இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் அவர்கள் கருவியை வைத்தார்கள். தெரிந்தது சினைப்பையில் ஒரு பெரிய நீர்க்கட்டி. எடுத்தார்கள், அந்தப் பெண் பிழைத்தார். 1958இல் டொனால்டும் ஜான் மக்விக்கரும் பிரவுனும் எழுதிய கட்டுரை லான்செட் இதழில் வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்ப்பது உலகெங்கும் பரவிய பாதை அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கருவி அடிபட்டவரிடம் வந்து சேர எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அறிவு சீக்கிரமே வந்துவிட்டது. வயிற்றில் 100 மில்லி லிட்டர் நீர் இருந்தாலே மீயொலி காட்டும் என்று 1970இல் அமெரிக்காவில் பாரி கோல்டுபர்க் எழுதினார். 1971இல் டென்மார்க்கில் மண்ணீரலுக்குள் கட்டிய ரத்தத்தை மீயொலியால் கண்டுபிடித்து எழுதினார்கள். 1976இல் அமெரிக்காவிலேயே மண்ணீரல் காயத்துக்கு ஸ்கேன் பார்த்த ஆய்வு வந்தது. இருந்தும் அமெரிக்க விபத்துப் பிரிவுகளில் இது வழக்கத்துக்கு வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. இடையில் என்ன நடந்தது?

கருவி யார் கையில் இருந்தது என்பதுதான் நடந்தது. ஜெர்மனியில் 1980களிலேயே அறுவை மருத்துவர் தானே ப்ரோபை எடுத்து நோயாளியின் வயிற்றில் வைத்தார். அறுவைப் பயிற்சியில் அது ஒரு பாடமாகவே இருந்தது. ஜப்பானிலும் அவசரப் பிரிவு மருத்துவர்களே பார்த்தார்கள். கிமுரா, ஒட்சுகா இருவரும் அவசரப் பிரிவில் வயிற்று ரத்தக்கசிவைத் தேடியது பற்றிய ஆய்வு 1991இல் வந்தது. அமெரிக்காவிலோ ஸ்கேன் என்பது கதிரியக்கத் துறையின் சொத்து. அத்துறைக்காரர்கள் வர வேண்டும், பார்க்க வேண்டும், எழுதித் தர வேண்டும். விபத்து ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கிறது.

கதிரியக்க மருத்துவர்களின் தயக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கணக்காகப் படித்துக் கற்றதை, சில நாள் பயிற்சி பெற்றவர் செய்தால் தப்பாகப் பார்க்கமாட்டாரா? கட்டணம் யாருக்கு என்ற விஷயமும் உள்ளே இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் அறுவை மருத்துவர்கள் கேட்டது வேறு. எனக்குக் கல்லீரலின் அமைப்பு வேண்டாம், கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று வேண்டாம். ரத்தம் இருக்கிறதா, இல்லையா? அதற்கு ஒரு சொல்லில் பதில் போதும். கேள்வியைச் சுருக்கியதால்தான் கருவி கை மாற முடிந்தது.

அந்தச் சுருங்கிய கேள்வி எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதை உலகம் பார்த்தது அமெரிக்காவில் அல்ல, ஆர்மேனியாவில்.

1988 டிசம்பர் 7, புதன்கிழமை, காலை 11:41. அப்போது ஆர்மேனியா சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. ஸ்பிட்டாக் நகரம் ஏறக்குறைய முழுதாகத் தரைமட்டமானது. லெனினாகான், கிரோவாகான் நகரங்களில் அடுக்குமாடிகள் சீட்டுக்கட்டாய்ச் சரிந்தன. பள்ளிக்கூட நேரம். எத்தனையோ பிள்ளைகள் வகுப்பறையிலேயே புதைந்தார்கள். (இந்த வரியைத் தட்டச்சு செய்ய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.) இறந்தவர்கள் குறைந்தது 25,000 பேர். ஐ.நா. சபையில் பேச நியூயார்க் போயிருந்த கோர்பச்சேவ் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார்.

இடிபாடுகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் தலைநகர் எரவானுக்கு வந்து குவிந்தார்கள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் மட்டும் 72 மணி நேரத்துக்குள் 750 பேர். கை கால் நசுங்கியவர்கள், மணிக்கணக்கில் கான்கிரீட்டின் கீழ்க் கிடந்தவர்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியாகும் பொருள்கள் சிறுநீரகத்தை அடைத்துவிடும். அதனால் மீட்கப்பட்ட பிறகும் பலர் இறந்தார்கள். (உலகப் பேரிடர்களில் டயாலிசிஸ் உதவிக்கென்று சிறுநீரக மருத்துவர்கள் தனிக் குழு அமைத்ததே இந்த நிலநடுக்கத்துக்குப் பிறகுதான்.) இவர்களில் யாருக்கு வயிற்றுக்குள் ரத்தம்? 750 பேரின் வயிற்றையும் கீறிக் கழுவிப் பார்க்க முடியாது. எல்லோரையும் சி.டி. அறைக்கு அனுப்பவும் முடியாது.

அந்த மருத்துவர்கள் மீயொலிக் கருவியோடு கட்டில் கட்டிலாகப் போனார்கள். அந்த மூன்று நாட்களில் 400 பேரைப் பார்த்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக நான்கு நிமிடம். நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு வயிற்றிலோ சிறுநீரகத்திலோ காயத்தின் தடயம் தெரிந்தது. சிலருக்குத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். காயம் இருந்தும் தவறவிட்டது நூற்றுக்கு ஒன்று அளவுதான். சர்கிசியானும் அவர் தோழர்களும் இதை 1991இல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள்.

நான்கு நிமிடம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் படுத்திருக்கும்போது யாரை முதலில் அரங்குக்குத் தூக்குவது, யார் காத்திருக்கலாம் என்பதை முடிவு செய்யத்தான் அங்கே மருத்துவம் தேவைப்பட்டது. உலகில் இன்று எந்த ஊரில் நிலம் நடுங்கினாலும் மீட்புக் குழுவின் பெட்டியில் ஒரு சிறிய ஸ்கேன் கருவி இருப்பது இயல்பாகிவிட்டது. அதன் பின்னால் எரவானின் அந்த 72 மணி நேரம் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர் கிரேஸ் ரோசிக்கி என்ற பெண் அறுவை மருத்துவர். கதிரியக்கத் துறையைக் கூப்பிடாமல் அறுவை மருத்துவர்களே 476 பேருக்கு ஸ்கேன் பார்த்த ஆய்வை 1993இல் வெளியிட்டார். உள்ளே ரத்தம் இருந்த நூறு பேரில் 79 பேரை அவர்கள் சரியாகக் கண்டார்கள். சுமார் என்றுதான் வாத்தியார் மதிப்பெண் போடுவார். ஆனால் அட்லாண்டாவின் கிரேடி நினைவு மருத்துவமனைக்குப் போன பிறகு 1998இல் 1540 பேரை வைத்து அவர் எழுதியது இன்னும் கூர்மையானது. (மனித உடம்பின் மென்மையான திசுக்களில் ஒலி போகும் வேகமும் நொடிக்கு 1540 மீட்டர்தான். தற்செயல், ஆனால் எனக்கு இப்படிப்பட்ட தற்செயல்கள் பிடிக்கும்.) வயிற்றில் மொத்தடி பட்டு ரத்த அழுத்தமும் குறைந்து வந்தவர்களிடம் இந்த ஸ்கேன் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை, யாரையும் தப்பாகவும் சொல்லவில்லை. காரணம் எளிது. அழுத்தம் இறங்கும் அளவுக்கு வயிற்றில் ரத்தம் கொட்டியிருந்தால் அது கண்ணுக்குத் தப்பாது. அதாவது, ஒரு நிமிடமும் வீணாக்க முடியாத நோயாளியிடம்தான் இந்தக் கருவி மிக நன்றாக வேலை செய்கிறது.

எங்கே வைத்துப் பார்க்கிறார்கள்? நான்கே இடம். மல்லாந்து படுத்திருப்பவரின் உடலில் ரத்தம் பள்ளத்தை நோக்கி ஓடும், வயலில் தண்ணீர் மடை தேடுவது மாதிரி. வலப்பக்கம் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு பள்ளம். இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த ரதர்ஃபோர்டு மோரிசன் என்ற அறுவை மருத்துவர் பெயரால் மோரிசன் பை என்பார்கள். மீயொலியே பிறக்காத காலத்தில் அவர் குறித்து வைத்த இடம் அது. நல்ல உடம்பில் கல்லீரலும் சிறுநீரகமும் ஒட்டிக்கொண்டு தெரியும். இடையில் ரத்தம் இருந்தால் கருப்பாக ஒரு பட்டை தெரியும். நீர் இருக்கும் இடத்தில் எதிரொலி இல்லை என்று கிளாஸ்கோவில் பார்த்தோமே, அதுதான் இந்தக் கருப்பு. இடப்பக்கம் மண்ணீரலைச் சுற்றி இரண்டாவது இடம். அடிவயிற்றில் சிறுநீர்ப்பையின் பின்னால் மூன்றாவது. நெஞ்செலும்பின் கீழ்முனையில் ப்ரோபை வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் இதயமும் அதன் உறையும் தெரியும், அது நான்காவது.

ஃபாஸ்ட் என்பது முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர். ஆங்கிலத்தில் வேகம் என்றும் பொருள் வருவதால் பொருத்தமாக அமைந்துவிட்டது. முதலில் அதிலிருந்த ஓர் எழுத்து வயிற்றைக் குறித்தது. இதயத்தையும் பார்க்கிறோமே என்று 1997இல் பால்டிமோரில் கூடிய பன்னாட்டு மருத்துவர்கள் அதை மதிப்பீடு என்ற பொருள் வரும் சொல்லாக மாற்றினார்கள். சுருக்கப் பெயர் அப்படியே நின்றது. அதே காலத்தில் விபத்துச் சிகிச்சைக்கு உலகெங்கும் கற்றுத்தரப்படும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சியிலும் ஃபாஸ்ட் சேர்ந்தது. அந்தப் பயிற்சி பிறந்த கதையும் சோகமானது. 1976இல் நெப்ராஸ்காவில் தானே ஓட்டிய சிறு விமானம் விழுந்து, மனைவியைப் பறிகொடுத்து, காயம்பட்ட பிள்ளைகளோடு ஊர் மருத்துவமனைக்குப் போன ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர், அங்கே கிடைத்த சிகிச்சையைப் பார்த்து மனம் நொந்துதான் அதைத் தொடங்கினார். அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

யார் கை என்ற சண்டைக்கு 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒரு முடிவு சொன்னது. தகுந்த பயிற்சி பெற்ற எந்தத் துறை மருத்துவரும் மீயொலியைப் பயன்படுத்தலாம். அதே ஆண்டு ரோசிக்கியும் மற்றவர்களும் நெஞ்சில் கத்திக் குத்தோ குண்டோ பட்ட 261 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். 29 பேருக்கு இதய உறைக்குள் ரத்தம் இருந்ததை ஸ்கேன் காட்டியது. ஒருவரையும் தவறவிடவில்லை. ஸ்கேனிலிருந்து அறுவை தொடங்க ஆன நேரம் சராசரியாக 12 நிமிடம். இதயத்தில் காயம்பட்டவரைப் பன்னிரண்டு நிமிடத்தில் கத்தியின்கீழ் கொண்டுவருவது சாதாரண விஷயமா?

நுரையீரலுக்கு வந்தால் கதை வேடிக்கையாகிறது. நுரையீரலில் காற்று இருப்பதால் மீயொலி உதவாது என்பதுதான் வெகுகாலம் சொல்லப்பட்டது. 1986இல் ஒரு கால்நடை மருத்துவர் குதிரைகளிடம் ஒன்றைக் கவனித்து எழுதினார். மூச்சு விடும்போது நுரையீரலின் உறை விலாவுக்கு அடியில் வழுக்கிப் போய் வருவது திரையில் தெரிகிறது, நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்துவிட்டால் அந்த வழுக்கல் நின்றுவிடுகிறது. 1995இல் பிரான்சின் டேனியல் லிக்டன்ஸ்டைன் இதை மனிதரிடம் காட்டினார். 2004இல் கனடாவின் ஆண்ட்ரூ கிர்க்பாட்ரிக் குழு அதை ஃபாஸ்டோடு சேர்த்து விரிவுபடுத்தியது. இப்போது இ-ஃபாஸ்ட் என்கிறார்கள். குதிரைக்கு நன்றி.

கருவியும் சிறுத்துக்கொண்டே வந்தது. போர்க்களத்தில் தூக்கிச் செல்லும்படி ஒன்று வேண்டும் என்று அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா 1996இல் பணம் கொடுத்தது. அதிலிருந்து பிறந்த சோனோசைட் நிறுவனம் 1999இல் இரண்டரைக் கிலோவுக்குள் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் பிறந்தது மறுபடியும் போருக்கே போயிற்று என்று தோன்றும். ஆனால் இந்த முறை காயம்பட்ட சிப்பாயைப் பார்க்கப் போனது. அடுத்து விண்வெளி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் எக்ஸ்-ரே கிடையாது, சி.டி. கிடையாது, மீயொலி உண்டு. மருத்துவரல்லாத விண்வெளி வீரர் ஒருவர், தரையிலிருந்த நிபுணர் சொல்லச் சொல்ல ப்ரோபை நகர்த்தி முழு ஃபாஸ்டையும் ஏறக்குறைய ஐந்தரை நிமிடத்தில் செய்தார். பேச்சு போய்வர இரண்டு நொடி தாமதம். 2005இல் இதை எழுதினார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபாஸ்ட் நெகட்டிவ் என்றால் காயம் இல்லை என்று அர்த்தம் இல்லை. 1995இல் டென்வரில் ஒரு சோதனை செய்தார்கள். வயிற்றைக் கழுவும்போது நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, ஸ்கேன் பார்ப்பவர் எப்போது கண்டுபிடிக்கிறார் என்று குறித்தார்கள். சராசரியாக 619 மில்லி லிட்டர் சேர்ந்த பிறகே கண்டுபிடித்தார்கள். கோல்டுபர்க் சொன்ன 100 எங்கே, இது எங்கே! அமைதியான அறையில் நோயாளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் விபத்துப் பிரிவில் மல்லாந்து கிடப்பவரைப் பார்ப்பதும் ஒன்றல்ல. குடல் கிழிந்தால் முதலில் ரத்தம் அதிகம் வராது, ஃபாஸ்ட் அதைத் தவறவிடும். முதுகுப்புறமாகச் சிறுநீரகத்தைச் சுற்றிக் கசியும் ரத்தமும் அப்படித்தான். குழந்தைகளிடமும் கவனம் வேண்டும். நாடித்துடிப்பும் அழுத்தமும் சீராக இருந்த 925 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. ஃபாஸ்ட் பார்த்ததால் சி.டி. எடுப்பது குறையவில்லை, பெரிய பலனும் தெரியவில்லை. அதனால்தான் மருத்துவர்கள் சிறிது நேரம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் சி.டி.க்கு அனுப்புகிறார்கள். "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே, வீட்டுக்கு விடுங்க" என்று அவர்களிடம் சண்டை போடாதீர்கள். ஒரு நாள் இருங்கள் என்று சொன்னால் இருங்கள்.

கடைசியாக நம் நாட்டு விஷயம். இதே கருவி இந்தியாவுக்குள் எப்படி நுழைந்தது என்பது நமக்குத் தெரியும். வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்துகொள்ளப் பயன்பட்டது. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள், 2001இல் 927, 2011இல் 919. சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. வருகைப் பதிவேட்டில் பெண் பிள்ளைகளின் பெயர்கள் பக்கத்தின் பாதிக்கும் வராத வகுப்புகளை எடுத்தவள் நான். 1994இல் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தபோது எங்கள் ஆசிரியைகள் எல்லோரும் மகிழ்ந்தோம். இன்றும் அந்தச் சட்டத்தில் ஒரு வரியைக்கூடத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகள் கருவியைப் பார்க்கின்றனவே தவிர, எந்த நோயாளியின் வயிற்றில் வைக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மீயொலிக் கருவி இருக்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும், பார்ப்பவரையும் பதிவு செய்ய வேண்டும். கருவியையோ இடத்தையோ ஆளையோ மாற்றினால் 30 நாட்களுக்கு முன்பே அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கருவிக்கு 2012இல் தனிக் கட்டுப்பாடு வந்தது. பதிவு பெற்ற மருத்துவமனையின் உள்நோயாளிகளுக்கும், பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ வண்டியிலும் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. விபத்துப் பிரிவில் பணி நேரம் மாறி மாறி வரும் இளம் மருத்துவர்கள், லாரியில் அடிபட்ட ஓர் ஆணின் வயிற்றில் ரத்தம் தேடுவதற்கும் இதே நடைமுறைதான். ப்ரோபைத் தொடவே சிலர் தயங்குவதாகக் கேள்விப்படும்போது இரண்டு பக்கமும் எனக்கு வலிக்கிறது.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறீர்கள் என்று தெரியும். விபத்துப் பிரிவுக் கருவியை உங்கள் மருத்துவமனையில் எப்படிப் பதிவு செய்திருக்கிறீர்கள், இரவுப் பணியில் யார் பார்க்கிறார்கள் என்பதைப் பெயர் ஊர் குறிப்பிடாமல் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஜெர்மனியில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த ஞாயிறு ஸ்டைனரின் விமானம்.